"டம்"முனு விழும் அடியும், சத்தமே போடாத இதயமும்

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சுருக்கித் தொகுக்கப்பட்டுள்ளது.)

நிறைய பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. "ராத்திரி படுத்தா நெஞ்சுக்குள்ள ஒரு துடிப்பு விட்டுப்போகுது, அப்புறம் டம்முனு ஒரு அடி விழுது. பயமா இருக்கு." நான் டாக்டர் இல்லை. ஆனா இந்த "டம்"மோட பன்னிரண்டு வருஷமா குடித்தனம் நடத்துறவள். அதனால இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

முதல்ல ஒண்ணு. அந்த இடைவெளியில இதயம் நின்னுபோகலை. இதயத்தின் வலது மேலறையில சைனஸ் கணுன்னு ஒரு சின்ன இடம் இருக்கு. துடிக்கச் சொல்ற மின் உத்தரவு அங்கிருந்துதான் கிளம்பணும். சில சமயம் வேற ஏதோ மூலையிலிருந்து ஒரு துடிப்பு முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடியே வந்துடும். அப்போ கீழறையில ரத்தம் சரியா நிரம்பியிருக்காது. அதனால அந்தத் துடிப்பு பலவீனமா இருக்கும், நாடி பிடிச்சாக்கூடப் பல நேரம் தெரியாது. அடுத்து ஒரு சின்ன ஓய்வு. அந்த நேரத்துல ரத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலா நிரம்பும். அதைத் தள்ள, அடுத்த துடிப்பு பலமா விழும். நாம பயப்படுற "டம்" அதுதான். அதாவது, நம்மைத் தூக்கிப்போடுறது தப்பான துடிப்பு இல்லை, அதுக்குப் பின்னாடி வர்ற சரியான துடிப்பு.

இதுக்கு எக்டோபிக் துடிப்புன்னு பேர். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிற இதயத்துல இப்படிச் சிலது வர்றது நல்ல ஆரோக்கியமானவங்களுக்கும் உண்டு. தூக்கம் கெட்ட மறுநாள், காபி கூடினா, இடதுபக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா எனக்கு நல்லாவே தெரியும்.

ஆனா இதை நாமளே முடிவு பண்ணிக்கக் கூடாது. எனக்கு எடுத்த முதல் இசிஜி சுத்தமா வந்துச்சு. "கேஸ்தான், டென்ஷன் ஆகாதீங்க"ன்னு அனுப்பிட்டாங்க. சாதாரண இசிஜி பதிவு பண்றது சுமார் 10 விநாடிதான். அந்தப் பத்து விநாடியில டம் வரலைன்னா பேப்பர்ல ஒண்ணும் இருக்காது. அப்புறம்தான் ஹோல்டர் மாட்டினாங்க, ஒரு நாள் முழுக்கப் பதிவாகிற கருவி. (நார்மன் ஹோல்டர்ங்கிற அமெரிக்கர் முதல்ல செஞ்ச கருவி கிட்டத்தட்ட 38 கிலோ, முதுகுல சுமக்கணும். நமக்கு இடுப்புல ஒரு சின்ன டப்பா.) கூடவே எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின். எல்லாம் பார்த்த பிறகுதான் "பயமில்லை"ன்னு சொன்னாங்க. படபடப்போட மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தா எபிசோட் கேட்டுட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தா அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

இப்போ அப்பா கதைக்கு வர்றேன். இத்தனை வருஷம் வீட்ல நான்தான் இதய நோயாளி. அப்பா தினமும் வாக்கிங் போறவர். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி வழக்கமா எடுக்கிற இசிஜியில அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு வந்துச்சு. "படபடப்பு ஏதாவது இருந்துச்சாப்பா?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமே இல்லையேம்மா"ன்னார். நிஜமாவே அவருக்கு எதுவும் தெரியலை.

இதுல மேலறைகள் ஒழுங்கா சுருங்காம நடுங்கிட்டே இருக்கும். இடது மேலறையில ஒரு சின்னப் பை மாதிரி பகுதி உண்டு. ரத்தம் அங்க தேங்கி உறையலாம். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். இந்தக் கோளாறு இருந்தா பக்கவாத ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. வயசு, பிபி, சர்க்கரை எல்லாம் சேர்ந்தா இன்னும் கூடும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுக்கிறது அதுக்குத்தான்.

சிக்கல் என்னன்னா, மாத்திரை போட்டாலும் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வந்ததும் தானே நிறுத்திட்டார், யார்கிட்டயும் சொல்லலை. ஒன்பது நாள் கழிச்சு அம்மா போன்ல உளறினதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு வீணா?"ங்கிறார். அவர் போடுற மாத்திரையோட வேலை ஓரிரு நாள்லயே அடங்கிடும். அந்த ஒன்பது நாள்ல பெரும்பகுதி பாதுகாப்பே இல்லை. டாக்டர் திட்டலை. மென்மையான பிரஷ் மாத்தச் சொன்னார், பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார், மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சார். அதிகமா ரத்தம் போனாலோ மலம் கறுத்தாலோ உடனே வரணும், ஆனா மாத்திரையை நிறுத்துறது அவரைக் கேட்டுத்தான்னு சொல்லி அனுப்பினார்.

வீட்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுல ரெண்டு விரலை வெச்சு ஒரு நிமிஷம் நாடி பார்க்கிறது. எண்ணிக்கை மட்டும் இல்லை, தாளமும் கவனிக்கணும். என்னோடது தாளம் தப்பி உடனே திரும்பி வந்து சேர்ந்துக்கும். அப்பாவோடதுல தாளமே கிடையாது, ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு இடைவெளியில விழும். உங்க வீட்டுப் பெரியவங்க நாடி இப்படி இருந்தா ஒரு இசிஜி எடுத்துப் பாருங்க.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவே கூப்பிடுவார். "தாளம் இல்லைம்மா. மாத்திரை போட்டாச்சு."