கண்ணாடிக்கு குட்பை சொல்லணுமா? லேசர் சிகிச்சையில் எது யாருக்கு... எத்தனை நாள் லீவு போடணும்?

கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டிடணும், ஹெல்மெட் போடும்போதெல்லாம் இடிக்குது, மழையில் வண்டி ஓட்ட முடியலை... காரணம் எதுவாக இருந்தாலும், கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: 'லேசர் பண்ணிக்கலாமா?'

ஒரு கண்ணில் லேசர் வேலை செய்யும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால், சிகிச்சை நல்லபடியா முடியுமா என்பதைத் தீர்மானிப்பது, அதற்கு முன் எடுக்கும் பரிசோதனைகளும் அதற்குப் பின் வரும் சில வாரங்களும்தான்.

லேசர் அப்படி என்னதான் செய்கிறது?

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலம்தான் கார்னியா. இதன் நடுப்பகுதி சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். இதன் வளைவை லேசர் மூலம் மாற்றினால், உள்ளே போகும் ஒளி விழித்திரையில் சரியாகக் குவியும். மூக்குக் கண்ணாடி வெளியில் இருந்து செய்யும் வேலையை, கார்னியாவே செய்துவிடுகிறது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, எக்ஸைமர் லேசரால் சுற்றியுள்ள திசுவைக் கருக்காமல் நுணுக்கமாகச் செதுக்க முடியும் என்பதை 1981-ல் கண்டறிந்தார். விருந்தில் மிச்சமான வான்கோழி இறைச்சியில்தான் முதல் சோதனை!

என்னென்ன வகைகள் இருக்கு?

பிஆர்கே: கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசர் செலுத்துவார்கள். கார்னியா கொஞ்சம் மெல்லியதாக இருப்பவர்கள், அடிபட வாய்ப்புள்ள விளையாட்டுகளில் இருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பது உண்டு. குணமாக அதிக நாள் ஆகும்.

லேசிக்: கார்னியாவில் மெல்லிய மூடி போல ஒரு அடுக்கை வெட்டித் திறந்து, அடியில் லேசர் செலுத்தி, மூடியைத் திரும்பப் பொருத்துவார்கள். பார்வை வேகமாகத் திரும்பும். ஆனால் மூடி இருப்பதால், கண்ணைக் கசக்குவதும் அடிபடுவதும் ஆபத்து.

ஸ்மைல்: மூடி கிடையாது. கார்னியாவுக்குள்ளேயே லேசரால் ஒரு மெல்லிய சில்லை உருவாக்கி, 2 முதல் 4 மில்லிமீட்டர் துளை வழியாக வெளியே எடுப்பார்கள். பெரும்பாலும் கிட்டப்பார்வைக்கும் சிலிண்டர் பவருக்கும்தான் இது.

இந்த மூன்றுமே ஒத்துவராதவர்களுக்கும், பவர் மிக அதிகமாக உள்ளவர்களுக்கும் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் ஒரு மாற்று வழி. விலை அதிகமானதுதான் சிறந்தது என்று கணக்குப் போட வேண்டாம். உங்கள் கார்னியாவுக்கு எது பொருந்துமோ அதுதான் சிறந்தது.

டாக்டர் 'வேண்டாம்' என்றால்?

வருத்தப்படாதீங்க, அது உங்கள் நல்லதுக்குத்தான். 18 வயது முடிந்திருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டு பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் காத்திருப்பது நல்லது.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கெரட்டோகோனஸ். கார்னியா மெலிந்து கூம்பு போலப் பிதுங்கும் பிரச்சினை இது. ஆரம்பத்தில் வெளியே தெரியாது. இது இருப்பது தெரியாமல் லேசர் செய்தால், கார்னியா மேலும் பலவீனமாகி பார்வையே மோசமாகலாம். அதனால்தான் கார்னியாவின் வடிவத்தையும் தடிமனையும் ஸ்கேன் செய்து பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. இந்த ஸ்கேனுக்கு முன்பே கான்டாக்ட் லென்ஸை நிறுத்திவிட வேண்டும். எத்தனை நாள் என்பது லென்ஸின் வகையைப் பொறுத்தது. லென்ஸ் அழுத்தத்தால் கார்னியாவின் வடிவம் மாறி, அளவு தப்பாகிவிடலாம்.

அன்றைக்கு என்ன நடக்கும்?

ஊசி கிடையாது. சொட்டு மருந்து விட்டு கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள். இமைக்காமல் இருக்க ஒரு சின்ன கிளிப். வலி இருக்காது, அழுத்தம் தெரியும். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆனால் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் இருக்கணும்.

எத்தனை நாளில் சரியாகும்?

லேசிக், ஸ்மைல்: முதல் சில மணி நேரம் எரிச்சல், கண்ணில் நீர் வடிவது, மங்கல் இருக்கும். தூங்கி எழுந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். லேசிக்கில் மறுநாளே பார்வை தெளியத் தொடங்கும், ஸ்மைலில் சிலருக்குச் சில நாள் கூடுதலாகும். 2, 3 நாட்களில் பலர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பிஆர்கே: முதல் 3 நாட்கள் வலியும் கூச்சமும் அதிகம். மேல்தோல் வளரும் வரை சுமார் ஒரு வாரம் பாதுகாப்பு லென்ஸ் கண்ணிலேயே இருக்கும். ஒரு வாரமாவது லீவு தேவை. பார்வை முழுதாகத் தெளிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகலாம்.

எந்த வகையாக இருந்தாலும், கண் வறட்சியும் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் சில மாதங்கள் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குப் படிப்படியாகக் குறையும், சிலருக்கு நீடிக்கும். அதனால் ஏற்கெனவே கண் வறட்சி இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிடுங்க.

இதெல்லாம் செய்யாதீங்க!

* கண்ணைக் கசக்காதீங்க. தூங்கும்போது கண் கவசம் போடுங்க.
* டாக்டர் சொல்லும் வரை கண்ணில் தண்ணீர், சோப்பு, ஷாம்பு படக் கூடாது. மை, மஸ்காராவும் வேண்டாம்.
* நீச்சல் குளம், கடல் குளியல் சில வாரங்களுக்குக் கூடாது.
* ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொன்ன நாளைத் தாண்டிப் போடவும் கூடாது. அதிக நாள் போட்டால் கண் அழுத்தம் உயரலாம்.

வலி திடீரென அதிகமானாலோ, கண் மேலும் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

இனி கண்ணாடியே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சிலருக்குச் சின்ன பவர் மிச்சமிருக்கலாம் அல்லது பின்னாளில் திரும்பலாம். 40 வயதைத் தாண்டினால் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்தை இது தடுக்காது. அதிக கிட்டப்பார்வை இருந்தவர்கள் விழித்திரைப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. லேசர் மாற்றுவது கார்னியாவை மட்டும்தான், உள்ளே இருக்கும் விழித்திரை பழையதுதான்!

போலீஸ், ராணுவம் போன்ற சீருடைப் பணிக்குத் தயாராகிறவர்கள், லேசர் சிகிச்சை பற்றி அந்தப் பணியின் மருத்துவத் தகுதி விதிகள் என்ன சொல்கின்றன என்று முதலில் படியுங்கள்.

கடைசியாக, டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்க: 'என் கார்னியா தடிமன் எவ்வளவு? சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும்? எனக்கு ஏன் இந்த வகை?' இதற்குப் புரியும்படி பதில் கிடைத்த பிறகு, பணம் கட்டலாம்.