மக்காச்சோளப் பிளாஸ்டிக்கை எத்தனை தடவை உருக்கலாம்?

வீட்டுக்கு த்ரீ-டி பிரின்டர் வந்த புதிதில் என் மகள் ஒரு பிள்ளையார் செய்யப் பார்த்தாள். நான்கு முறையும் சொதப்பல். தும்பிக்கை இல்லாத நான்கு பிள்ளையார்களைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இதை எந்த பின்ல போடறது? டப்பாவுல மக்கும்னு போட்டிருக்கே, தோட்டத்துல புதைச்சிடவா?" என்றாள். "பிளாஸ்டிக்தானேம்மா, ரீசைக்கிளிங்ல போடு" என்றேன் கெத்தாக. இரண்டுமே தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது.

அந்த இழை பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக். மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுத்து (தயிரைப் புளிக்கவைக்கிற அதே அமிலம்தான்), அதை நீளநீளச் சங்கிலியாகக் கோர்த்துச் செய்கிறார்கள். விழாக்களில் ஜூஸ் ஊற்றித் தரும் 'கம்போஸ்டபிள்' கப்களில் பலவும் இதுதான். மக்கும், உண்மைதான். ஆனால் அதற்கு 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு நிற்கிற தொழிற்சாலை உரக்கூடம் வேண்டும். தோட்டத்து மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

சரி, உருக்கி மறுபடி இழையாக்கலாமே? ஆக்கலாம். துண்டாக்கி, கழுவி, காயவைத்து, ஏறக்குறைய 200 டிகிரியில் உருக்கிப் பிழிந்தால் புது இழை வந்துவிடும். அம்மா இடியாப்பம் பிழிகிற அதே வேலைதான். ஆனால் மிஞ்சின இடியாப்பத்தை அடுப்பில் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்து பாருங்கள், நீள இழையெல்லாம் குட்டிக் குட்டித் துணுக்காகிவிடும், இல்லையா? பி.எல்.ஏ.வுக்கும் அதே கதி. சூடு ஒரு பக்கம், இயந்திரத்துக்குள் அரைபடுவது ஒரு பக்கம், காற்றிலுள்ள ஆக்சிஜன் இன்னொரு பக்கம் என்று ஒவ்வொரு சுற்றிலும் சங்கிலிகள் அறுகின்றன. இதில் பெரிய வில்லன் ஈரம். பி.எல்.ஏ. காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சரியாகக் காயவைக்காமல் உருக்கினால் அந்தக் கொஞ்சத் தண்ணீரே சங்கிலிகளை வெட்டித் தள்ளிவிடும்.

சங்கிலி குட்டையானால் உருகிய குழம்பு தண்ணியாகும், நிறம் மஞ்சளடிக்கும், செய்த பொருள் சட்டென்று முறியும். குட்டைச் சங்கிலிகள் எளிதாக வரிசைகட்டி அடுங்கிக்கொள்வதால் படிகத்தன்மை கூடி, அதுவும் நொறுங்கும் குணத்தைக் கூட்டும். மக்குவதில்தான் விநோதம்: குட்டைச் சங்கிலியைத் தண்ணீர் சீக்கிரம் கரைக்கும், இறுக்கமான படிகப் பகுதியோ தாமதமாகத்தான் இடம்கொடுக்கும். மக்கும் குணம் போய்விடாது, வேகம்தான் முன்னே பின்னே ஆகும்.

அதனால்தான் தொழிற்சாலைகள் நன்றாகக் காயவைத்து, புதுப் பி.எல்.ஏ.வைக் கலந்து, அறுந்த சங்கிலிகளை ஒட்டவைக்கும் சேர்மானமும் போடுகின்றன. இன்னொரு வழி, முழுவதையும் லாக்டிக் அமிலமாகவே உடைத்து முதலிலிருந்து கோர்ப்பது. செலவு கூடுதல்தான், ஆனால் தரம் குறையாது.

நான் சொன்ன ரீசைக்கிளிங் பின்னுக்கு வருவோம். அங்கே தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் இருக்கும். அது உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பி.எல்.ஏ. சிதைந்து, பெட்டையும் மங்கலாக்கி, மஞ்சளாக்கிக் கெடுக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிக்கலாமென்றால் இரண்டுமே மூழ்கும். அகச்சிவப்புக் கதிரால் பார்த்துப் பிரிக்கிற இயந்திரம் வேண்டும், அது எல்லா ஊர்களிலும் இல்லை. நல்ல மனதோடு கப்பையெல்லாம் அதில் போட்டுக்கொண்டிருந்தவன் நான்!

கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருந்து, பக்கத்தில் பி.எல்.ஏ. என்றும் இருந்தால் பெட்டோடு சேர்க்காதீர்கள். உங்கள் கவுன்சில் உரத்துக்கு எடுக்கிறதா என்று கேளுங்கள், சில ஊர்களில் எடுப்பதில்லை. பிரின்டர் கழிவைப் பிள்ளைகள் வீட்டு அவனில் உருக்க மட்டும் விடாதீர்கள்.

இப்போது எங்கள் கராஜில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. 'பி.எல்.ஏ. மட்டும், ஈரக் கை வைக்காதே' என்று மகள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள். 'ஈரக்கை' சேர்த்து எழுதணுமா பிரிச்சு எழுதணுமா என்று பாட்டிக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதினாள். டின் நிறைந்ததும் அவள் பள்ளி லேபில் பிழிந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.