தகர ஷெட்டுக்கும் அனுமதி வேணுமா?

மேலூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால நாலு இரும்புக் குழாய் நட்டு, மேல தகரம் போட்டா ஷெட் ரெடி. நெல் மூட்டை, பழைய மோட்டார், விறகு எல்லாம் உள்ள போயிடும். “இதுக்கெல்லாமா பிளான் அப்ரூவல்?” என்றுதான் பலரும் கேட்பார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமே, ‘கட்டடம்’ என்றால் என்ன என்று சொல்லும்போது வீடு, குடிசையோடு ஷெட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. செங்கல், மரம், மண், உலோகம் எதில் கட்டினாலும் கட்டடம்தான். இப்போது நகரம், கிராமம் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019’. வெள்ளையடிப்பது, பூசுவது, பரப்பளவு கூடாத சின்ன ரிப்பேர் ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டாம். புதுசா ஒரு கூரை எழும்பினால் கதை வேற.

யாரிடம் கேட்பது? மேலூர் நகராட்சி எல்லைக்குள் என்றால் நகராட்சியில். தெற்குத்தெரு, கீழவளவு மாதிரி ஊர் என்றால் அந்தந்த ஊராட்சியில்.

சிக்கல் பெரும்பாலும் தகரத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. வீட்டு வரைபடத்தில் பக்கத்திலும் பின்னாலும் காலியாக விட்டதாகக் காட்டிய அதே இடத்தில்தான் ஷெட் வந்து உட்காரும். வருஷக்கணக்கா யாரும் கேட்க மாட்டார்கள். கூரைத் தண்ணி அடுத்த வீட்டுச் சுவரில் விழுந்து ஒரு புகார் போனால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வரலாம். இடிக்கச் சொல்லலாம், சீலும் வைக்கலாம்.

இந்தப் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம், சமணப் படுக்கைகள் உள்ள குன்றுகள். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்றால், அதிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் தனி அனுமதி வேண்டும். 2010-இல் வந்த சட்டத் திருத்தம் இது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு வழி சுலபம்: ஷெட்டையும் முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு என்றால், 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கும். ஏற்கெனவே வீடு இருக்கிறதா? பழைய அப்ரூவல் பிளானை எடுத்துக்கொண்டு முதலில் ஆபீஸுக்குப் போங்க; தகரம் வாங்குறதை அப்புறம் பார்த்துக்கலாம்.