விரிப்பின் வாடையும் வீட்டின் ஈரமும்

ஒக்டோபர் பிறந்தால் ஊவா மலைகளில் அடைமழை தொடங்கிவிடும். ஸ்பிரிங்வெளியிலும் பதுளையைச் சூழ்ந்த மற்றத் தோட்டங்களிலும் ஜனவரி வரை துணி காய்வதே பெரும்பாடு. துணியையாவது அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்திக் கொள்ளலாம். தரையில் கிடக்கும் பாயையும் கம்பளத்தையும் என்ன செய்வது? சில நாட்களுக்குள் அவற்றிலிருந்து ஒரு ஈர வாடை கிளம்புகிறது. அது போர்வையில் ஏறுகிறது. பிள்ளையின் பாடசாலைச் சட்டையிலும் ஏறுகிறது. வகுப்பில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்துகிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் தாய் அவசரமாகச் சாம்பிராணி போடுகிறாள்.

இடம்பெயர்ந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். பழைய லயக் காம்பராவோ, பாடசாலை மண்டபமோ, தகரக் கொட்டிலோ கிடைத்த இடத்தில் வாழ வேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றிலும் நெடுநாள் தங்கினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோதும் பதுளை மாவட்டத்துக் குடும்பங்கள் பல, நனைந்த பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. எனவே இந்த வாடை ஏன் வருகிறது, அதை எப்படிப் போக்குவது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

வாடை எங்கிருந்து வருகிறது?

பலர் நினைப்பது போல இது எப்போதும் அழுக்கினால் வருவதல்ல. தினமும் கூட்டித் துடைக்கும் வீட்டிலும் வரும். ஈரமான பொருளில் பூஞ்சணம் வளர்கிறது; அது வளரும்போது வெளிவிடும் ஆவியே நமது மூக்கில் படும் வாடை. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாட்களுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

மழைநீர் உள்ளே வராத வீட்டிலும் ஈரம் உண்டு. மலைநாட்டின் இரவில் சீமெந்துத் தரை குளிர்ந்து கிடக்கிறது. அதன்மேல் பாய் விரித்துப் படுக்கிறோம். நமது உடற்சூடும் வியர்வையும் பாயின் ஊடாகக் கீழே இறங்கிக் குளிர்ந்த தரையில் நீராகப் படிகிறது. காலையில் பாயின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், புரியும். தகரக் கூரையில் இரவில் நீர் துளிர்த்துச் சொட்டுவதும் இதே காரணத்தால்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்தாறு பேர் படுத்து, அங்கேயே சமைத்து, சன்னலையும் அடைத்துக்கொண்டால் அந்த ஈரம் வேறெங்கே போகும்?

இது வெறும் வாடையோடு நின்றுவிடுவதுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வீட்டு ஈரமும் பூஞ்சணமும் பற்றிய வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஈரம் பிடித்த வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழைப்பு, முட்டு வருத்தம் ஆகியன கூடுதலாகக் காணப்படுகின்றன என்று அது எடுத்துக்காட்டியது. பாயில் தவழும் குழந்தையின் மூக்கு நமது மூக்கைவிடத் தரைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் வைத்தியம் உலர்த்தல்

இதைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கொழுந்தை வாட்டி, அரைத்து, சூளையில் உலர்த்தி, நூற்றுக்கு மூன்று பங்கு அளவு ஈரம் மட்டும் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே தூள் கெடாமல் நிற்கிறது. மீண்டும் ஈரம் பட்டால் பூஞ்சண வாடை அடிக்கும். வீட்டு விரிப்புக்கும் அதுவே விதி. ஈரத்தை எடுக்காமல் வாசனையைத் தெளிப்பதில் பயனில்லை.

காலையில் எழுந்தவுடன் பாயைத் தரையில் விடாமல் எடுத்துக் கொடியில் போடுங்கள். உடனே சுருட்டி மூலையில் வைத்தால் உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். கம்பளத்தைக் கிழமைக்கு ஒரு முறையாவது தூக்கி, வெளியே கொண்டுபோய்த் தடியால் அடித்து, அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். வெயில் இல்லாத நாளில் இஸ்தோப்பில் காற்றுப்படக் கட்டினாலும் போதும். சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு விரியுங்கள். சமைக்கும் வேளையில் கதவையோ சன்னலையோ சற்றுத் திறந்து வையுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று நமக்குக் கிடைத்த இலவச உலர்த்தி. பெரிய விரிப்புகளைக் கழுவுவதானால் அந்த மாதங்களில் கழுவுங்கள்.

வாடைக்கு ஏற்ற மருந்து

உலர்த்திய பின்னும் வாடை நின்றால் அது எந்த வாடை என்று பாருங்கள்.

பூஞ்சண வாடை: வெள்ளையாகவோ கறுப்பாகவோ படிந்திருப்பதை வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு துலக்குங்கள். பிறகு ஒரு பங்கு வினாகிரியை மூன்று பங்கு நீரில் கலந்து துணியால் ஒற்றி, நன்றாகக் காய விடுங்கள். வினாகிரியின் மணம் காய்ந்ததும் போய்விடும். சாயம் போகுமா என்று முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள்.

பிள்ளையின் சிறுநீர்: உடனே பழந்துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் உள்ளே இறங்கும். குளிர்ந்த நீர் விட்டு மீண்டும் ஒற்றுங்கள். அதன்பின் வினாகிரி நீர். பழைய சிறுநீரின் காரமான நெடியை வினாகிரியின் புளிப்பு அடக்கும்.

புளித்த பால், வாந்தி: இவற்றுக்கு அப்பச்சோடா ஏற்றது. சுத்தம் செய்து காய்ந்த விரிப்பில் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் தட்டிப் பெருக்குங்கள். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலப்பவர்கள் உண்டு. நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் ஒன்று மற்றதன் சக்தியை அழித்துவிடும். ஒன்றைப் பாவித்துக் காய்ந்த பிறகே மற்றதைப் பாவிக்க வேண்டும்.

புகை வாடை: விறகடுப்பு உள்ள வீட்டில் இதை முழுதாகப் போக்க முடியாது. அப்பச்சோடாவும் காற்றும் குறைக்கும். அடுப்புக்குப் புகைக்கூண்டு வைப்பதே சரியான மருந்து.

நமது கையில் இன்னொன்றும் இருக்கிறது. தேயிலை பக்கத்திலுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தூளின் அருகே சவர்க்காரமோ மண்ணெண்ணெயோ வைக்க விடமாட்டார்கள். ஜப்பானில் பாய் விரித்த தரையில் சாயம் வடித்த தேயிலையைப் பிழிந்து தூவிப் பெருக்கும் வழக்கம் இருந்தது. தூசியும் அடங்கும், வாடையும் குறையும். அங்கே பாவித்தது பச்சைத் தேயிலை. நமது கறுப்புத் தேயிலை கறை பிடிக்குமாதலால், வடித்ததை நன்றாகக் காயவைத்துத் துணியில் முடிந்து விரிப்பின் மேல் வையுங்கள்.

கவனம் தேவை

பிளீச்சிங் பவுடரை வினாகிரியோடு ஒருபோதும் கலக்க வேண்டாம். நச்சுவாயு கிளம்பி மூச்சை அடைக்கும். சிறுநீர் நனைந்த விரிப்பில் நேராகக் கொட்டுவதும் ஆபத்தே. கம்பளி ஆட்டுமயிரால் ஆனதென்றால் அதற்குப் பிளீச்சிங் கூடவே கூடாது; நூல் அரித்துப்போகும்.

பூச்சிமருந்து பட்ட சாக்கைக் கழுவித் தரைக்கு விரிக்கும் பழக்கம் மரக்கறித் தோட்டம் செய்யும் இடங்களில் உண்டு. அந்த நெடியைப் போக்க முயல வேண்டாம். நெடி போனாலும் நஞ்சு நிற்கும். அத்தகைய சாக்கு வீட்டுக்குள் வரவே கூடாது.

வெள்ளத்திலும் மலசலகூட நீரிலும் ஊறிய பஞ்சு மெத்தையையும் தடித்த கம்பளத்தையும் வைத்திருக்க வேண்டாம். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து மகள் வாங்கி வந்த கம்பளமாக இருக்கலாம், மனம் கேட்காதுதான். ஆனால் அதன் அடிப்பக்கம் காய்வதற்குள் நோய்க்கிருமி குடியேறிவிடும். பிளாஸ்டிக் பாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் போட்டால் மீண்டும் பாவிக்கலாம்.

கூரை ஒழுகினால்?

இவ்வளவும் செய்த பிறகும் அதே மூலையில் அதே வாடை திரும்பி வந்தால், குற்றம் விரிப்பில் இல்லை. கூரையிலோ, சுவரிலோ, லயத்தின் பின்னால் மண் அடைத்துக் கிடக்கும் கானிலோ இருக்கிறது. மண்வெட்டியோடு ஒரு ஞாயிறு காலை நாலு வீட்டார் சேர்ந்தால் கானைத் துப்புரவாக்கிவிடலாம். கூரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலான லயங்கள் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்டவை. குடியிருப்பவர்களிடம் அவற்றுக்கு உறுதிப் பத்திரமும் இல்லை. ஒரு லயத்தார் எல்லோரும் கையெழுத்திட்டு, எந்தக் காம்பராவில் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று திகதியோடு எழுதித் தோட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள். பிரதி ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், இன்னொன்றைக் கிராம உத்தியோகத்தருக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதியை நீங்களும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அடிக்கடி இழைப்பு வருமானால் வைத்தியரிடம் காட்டும்போது வீட்டில் ஈரம் உள்ளதென்றும் சொல்லுங்கள். துண்டில் அதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு மறக்கப்படும். எழுத்தில் உள்ளது நிற்கும்.

வாடை வீசுகிறதென்று எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை. பாயை உலர்த்துவது அவளுடைய பங்கு. அதில் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் கைகொடுக்க வேண்டும். ஒழுகாத கூரையைத் தருவது அவளுடைய பங்கல்ல. அதைத் தரவேண்டியவர்களிடம் கேட்பதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு.