செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் உயரம் 150 சென்டிமீட்டர், எடை 79 கிலோ. கட்டுப்படாத சர்க்கரை வேறு. எடைக் குறைப்பு சர்ஜரிக்கு முந்தைய பரிசோதனைக்குப் போனார். குதி உயர்ந்த செருப்போடு சுவரில் சாய்ந்து நின்றவரை அளந்து 153 என்று எழுதிக்கொண்டார்கள். அவரும் மூன்று சென்டிமீட்டர் கூடியதில் சந்தோஷப்பட்டுக்கொண்டார். எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பிஎம்ஐ. 150-க்குக் கணக்குப் போட்டால் 35.1, 153-க்குப் போட்டால் 33.7. இன்சூரன்ஸ் கம்பெனியின் கோடு 35. ப்ரீ-ஆத், அதாவது ஆபரேஷனுக்கு முன்பே இன்சூரன்ஸிடம் கேட்கும் முன்அனுமதி, அன்று மாலையே நிராகரிக்கப்பட்டது.

அவர் விஷயத்தில் தவறு செய்தது ஆஸ்பத்திரி. ஆனால் பல வீடுகளில் நான் பார்ப்பது, ப்ரீ-ஆப் (ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை) நாளை ஒரு சடங்காக நினைத்துப் போவது. ‘ரத்தம் எடுப்பாங்க, ஈசிஜி எடுப்பாங்க, மயக்க மருந்து டாக்டர் ஃபிட்னஸ் குடுப்பார், அவ்வளவுதான்.’ அவ்வளவு மட்டும் இல்லை. உங்கள் உயிருக்கும் பணத்துக்கும் பாதி முடிவு அன்றே எழுதப்பட்டுவிடுகிறது.

டாக்டரின் அளவுகோலும் இன்சூரன்ஸின் அளவுகோலும் ஒன்றல்ல. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருவதால், நம் ஊர் டாக்டர்கள் பிஎம்ஐ 32.5-உம் கூடவே நோயும் இருந்தாலே சர்ஜரியைப் பரிந்துரைப்பதுண்டு. புதிய வழிகாட்டுதல்கள் 27.5 வரைகூடப் பரிசீலிக்கச் சொல்கின்றன. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பாலிசி வாசகம் வேறு கணக்கு வைத்திருக்கிறது: வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40-க்குக் குறையக் கூடாது. 40-க்குக் கீழே, ஆனால் 35-க்குக் குறையாமல் இருந்தால், உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத டைப்-2 சர்க்கரை இவற்றில் ஒன்று கூடவே இருக்க வேண்டும். முட்டிவலியும் பிரஷரும் அந்தப் பட்டியலில் இல்லை. இதுபோக, எடை குறைக்க வேறு வழிகளை முயன்று பலிக்கவில்லை என்பதும் தேவை. ‘ரெண்டு வருஷமா வாக்கிங் போறேன்’ என்று வாயால் சொன்னால் நிற்காது. டயட்டீஷியன் எழுதிய தாள், பழைய மருந்துச்சீட்டு, மாதாமாதம் எடை குறித்த அட்டை எதுவானாலும் தேதியோடு ஃபைலில் இருக்கட்டும்.

அந்த ஃபைலில் தொடக்க எடையும் தேதியோடு ஏறியிருக்க வேண்டும். ஏனென்றால் சர்ஜரிக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் கடுமையான டயட் கொடுப்பார்கள்; நாளுக்கு 800 முதல் 1,000 கலோரி. நம்மில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு. வீங்கிய கல்லீரலின் இடப்பக்கம் இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் சர்ஜனுக்கு இரைப்பை தெரியும். மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரல் சுருங்கிக் கொடுக்கும். இந்த இரண்டு வாரத்தில்தான் ‘கடைசியா ஒரு தடவை’ என்று பிரியாணிக் கடைக்குப் போகிறவர்களும், ‘டயட்டுதானே’ என்று மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கஞ்சி முழுக்க மாவுச்சத்து. டயட் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான்.

அந்த டயட்டில் அக்காவைப் போன்ற ஒருவருக்கு இரண்டு கிலோ குறைந்தால் 77 கிலோ, பிஎம்ஐ 34.2. அட்மிஷன் அன்றைய எடையை மட்டும் வைத்து அனுப்பினால் கிளெய்ம் அங்கேயே சிக்கும். வெறுங்காலில் உயரம், டயட்டுக்கு முன் எடை, தேதி, டாக்டர் கையெழுத்து நான்கும் ஒரே தாளில் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

அடுத்தது மாத்திரை. நர்ஸ் கேட்கிறார்: ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?’ கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்: ‘சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு. சின்னதா வெள்ளையா இருக்கும்.’ இந்த வெள்ளை மாத்திரை பதிலை நான் எத்தனை முறை கேட்டுவிட்டேன்! டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பெரிய ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், மாவுச்சத்துக் குறைந்த டயட்டும் சேர்ந்துகொண்டு ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும்; சர்க்கரை அளவு ஏறாமலே இது நடப்பதால் குளுக்கோமீட்டர் எச்சரிக்காது. இந்த மருந்துகள் மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரைகளிலும் ஒளிந்திருக்கும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு திசையில்: சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தைக் குறைக்காவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். டயட் தொடங்கும் நாளிலேயே அளவை டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்குங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆஸ்பிரினையும் ரத்தம் உறையாத மருந்துகளையும் கட்டாயம் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எடை குறைய வாரம் ஒருமுறை போடும் செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசிகளைப் பலர் சொல்வதே இல்லை. ‘ஊசி போட்டுப் பார்த்துட்டு ஆபரேஷனுக்கு வந்தேன்னு சொன்னா திட்டுவாங்க’ என்று ஒரு கூச்சம். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பட்டினி கிடந்தும் வயிற்றில் சாப்பாடு இருக்கும். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். கடைசி ஊசி எந்தத் தேதி என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சித்த மருந்து, ஆயுர்வேதம், ஜிம்மில் கொடுத்த பவுடர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சுருக்கமாக: வீட்டிலிருக்கும் அட்டைகள், பாட்டில்கள் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கணவனோ மனைவியோ கூட வருவது குறட்டைக் கேள்விக்குப் பயன்படும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பது பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆமென்றால் தூக்கப் பரிசோதனை எழுதச் சொல்லுங்கள். மயக்கத்துக்கும் அது முக்கியம், இன்சூரன்ஸுக்கும் அந்த ரிப்போர்ட்தான் ஆதாரம். சிகரெட், குடி, கருத்தடை மாத்திரை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. மாமியார் முன்னால் ‘எதுவும் இல்லை’ என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். சில கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும். சர்ஜரி முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கரு தரிக்கக் கூடாது. எடை குறையத் தொடங்கியதும் சினைமுட்டை உருவாவது சீராகிவிடும் என்பதால், குழந்தைக்காகவே சர்ஜரிக்கு வருகிறவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

ஸ்கேன், எண்டோஸ்கோபி, தைராய்டு, பி12, இரும்புச்சத்து என்று மீதிப் பட்டியல் நீளம், சொன்னதைச் செய்துகொள்ளலாம். ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தால் மட்டும் நின்று கேளுங்கள்: ‘அதையும் சேர்த்து எடுக்கப் போறீங்களா?’ ஆமென்றால் ஒப்புதல் படிவத்தில் அது தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதிக்காத பெண்ணுக்கு அதை எடுத்துவிட்ட வழக்கில், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது, உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தேவைப்பட்டு, மயக்கம் தெளியும்வரை தள்ளிவைக்க முடியாது என்றால் மட்டுமே விலக்கு என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுச் சிகிச்சை என்ன, ஆபத்து என்ன என்று சொல்லாமல் வாங்கும் கையெழுத்தும் முறையான ஒப்புதல் ஆகாது. நடைமுறையில், ஆபரேஷனுக்கு முந்தின இரவு பத்து மணிக்கு ஆங்கிலப் படிவத்தை நீட்டி ‘ஃபார்மாலிட்டிதான் சார்’ என்கிறார்கள். ப்ரீ-ஆப் நாளிலேயே படிவத்தைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். எந்த வகை சர்ஜரி (ஸ்லீவா பைபாஸா), செய்யப்போவது யார், ஐசியு அதே கட்டடத்திலா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் ஒன்றில் எடைக் குறைப்பு சர்ஜரிக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்தபின் இந்தக் கேள்விகளுக்கு விளக்கம் தேவையில்லை. பதிவுச் சான்றிதழ் ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்; தமிழ்நாட்டில் அதைக் கொடுப்பதும் புகாரை விசாரிப்பதும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

கேஸ் ஷீட், ரிப்போர்ட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. எழுத்தில் கேளுங்கள், உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். வாயால் கேட்டால் ‘ரெக்கார்டு ரூம்ல ஆள் இல்ல’ என்ற பதில்தான் கிடைக்கும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை உத்தரவிடலாம். கம்பெனியின் பதில் வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ‘பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டுக் காலக்கெடுவைக் கோட்டை விட்டவர்களே அதிகம். சிகிச்சையிலேயே குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

அந்த அக்கா ஆம்புட்ஸ்மேன் வரை போகவில்லை. மறுநாள் வெறுங்காலோடு போய், இரண்டு பேர் முன்னிலையில் மறுபடி அளக்கச் சொன்னார். ‘சிஸ்டத்துல ஏத்தியாச்சு, மாத்த முடியாது’ என்றார் கவுண்டரில் இருந்தவர். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அரைப்பக்கத்தில் கடிதம் எழுதிக் கொடுத்து, திருத்தக் கடிதம் கைக்கு வரும்வரை அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்கு மணி நேரம். ப்ரீ-ஆத் இரண்டாம் முறை போனபோது 150 என்று போனது.