ஒரு கொக்கி, ஒரு நூல்: குரோஷா கைவேலையும் நம் கடைகளும்

அரிசி, பருப்பு, எண்ணெய் விலை நிலவரத்தை விட்டு இம்முறை ஒரு கைவேலையைப் பற்றி எழுதுகிறோம். இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம் காரைக்கால் பேன்ஸி ஸ்டோர்களில் நூலும் ஊசியும் கேட்டு வரும் பெண்கள் எப்போதும் உண்டு. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் உலகெங்கும் இந்தக் கொக்கியைக் கையில் எடுத்தார்கள். அந்த ஆர்வம் இன்னும் தணியவில்லை. குரோஷா என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதன் கதை வணிகர்களாகிய நாம் அறிய வேண்டிய கதை.

பெயரிலேயே பிரெஞ்சு வாசனை

1739-இல் தொடங்கி 1954 நவம்பர் வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியைப் பார்த்த ஊர் நம்முடையது. குரோஷே என்பதும் பிரெஞ்சுச் சொல்தான். சிறிய கொக்கி என்று பொருள். தொழிலே பெயராகிவிட்டது. ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசி வேண்டும். ஊசி நிறையக் கண்ணிகள் காத்திருக்கும். குரோஷாவுக்கு ஒரே கொக்கி போதும். பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் நிற்கும். அதற்குள் நூலை இழுத்து அடுத்த கண்ணி, அதற்குள் இன்னொன்று. முதலில் சங்கிலி, பிறகு அந்தச் சங்கிலியின் மேல் வரிசை வரிசையாகப் பின்னல். தவறினால் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், நூல் முழுதும் திரும்பி வந்துவிடும். முதல் நஷ்டமாகாத கைவேலை!

இது மிகப் பழமையான கலை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. 1800-க்கு முந்திய உறுதியான சான்று கிடைக்கவில்லை. அச்சில் வந்த முதல் குரோஷா மாதிரிகளாக அறியப்படுபவை 1823-இல் ஹாலந்து நாட்டின் பெனலோப்பே என்ற பத்திரிகையில் வெளியானவை. அதற்கு முன் இருந்தது, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் முறை. அது கிழக்கு நாடுகளிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா போனது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. இன்று கல்யாண ஜாக்கெட்டுகளில் போடும் ஆரி வேலை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே துணியை எடுத்துவிட்டு நூலை மட்டும் வைத்துப் பின்னத் தொடங்கியதும் குரோஷா பிறந்தது என்கிறார்கள்.

பஞ்சத்தில் சோறு போட்ட கொக்கி

1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது கன்னியர் மடங்களும் தரும சிந்தை உள்ள பெண்களும் ஏழைக் குடும்பங்களுக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார்கள். பின்னிய லேஸ் நகரங்களில் விலைபோயிற்று, அடுப்பு எரிந்தது. பொழுதுபோக்கு என்று தொடங்கியது பிழைப்பாகியது.

நம் நாட்டுக்கு வந்தால், புதுச்சேரி ஆட்சியில் நம்மைப் போலவே தனித்துக் கிடக்கும் ஏனாமை எடுத்துக்கொள்வோம். அது இருக்கும் அதே கோதாவரி டெல்டாவில் இருக்கிறது நரசாப்பூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் அந்த வட்டாரப் பெண்களுக்கு இதைப் பழக்கினார்கள். பிறகு வணிகர்கள் வந்தார்கள். நூல் வீட்டுக்குப் போகும், லேஸ் திரும்பி வரும், கப்பலேறி வெளிநாடு போகும். 2024-இல் நரசாப்பூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் சோழ நாட்டுத் தஞ்சாவூர்த் தட்டுக்கும் தலையாட்டி பொம்மைக்கும் உள்ள அதே காப்பு.

ஆனால் இந்தக் கதைக்கு மறுபக்கம் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த மரியா மீஸ் என்ற சமூகவியலாளர் அங்கே தங்கி ஆராய்ந்து, 1982-இல் புத்தகமாக வெளியிட்டார். வீட்டு வேலை முடித்த பிறகும் அந்தப் பெண்கள் மணிக்கணக்காகப் பின்னினார்கள். கிடைத்த கூலியோ மிகக் குறைவு. ஏன்? "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் போடுவதுதானே" என்ற ஒரே வார்த்தை. அவர்களைத் தொழிலாளி என்று யாரும் எண்ணவில்லை, அவர்களும் எண்ணிக்கொள்ளவில்லை. லாபம் இடையில் நின்றவர்களுக்குப் போயிற்று.

நம் ஊரிலும் அதே பேச்சுத்தானே! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேஜை விரிப்புக்கு நூல் 60 ரூபாய், பின்ன 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதை 150 ரூபாய்க்குக் கேட்டு வாங்கினால் பின்னியவருக்கு நிற்பது 90 ரூபாய். மணிக்கு 11 ரூபாய் சொச்சம். நம் கடையில் மூட்டை இறக்கும் ஆளுக்கு இந்தக் கூலி கொடுக்க நமக்கு மனம் வருமா? பெரிய கம்பெனி நம் கழிவைக் கால் சதம் குறைத்தால் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அந்த நியாயம் பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும் உண்டு.

அசல் எது, போலி எது

இந்தச் சரக்கில் ஒரு விசேஷம் உண்டு. உண்மையான குரோஷா கண்ணியை வியாபார அளவில் போட்டுத் தள்ளும் இயந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. குரோஷே மெஷின் என்ற பெயரில் ஓடுபவை வேறு வகைப் பின்னல் போடுபவை. லேஸ் கரை, நாடா ஆகியவை அதிலிருந்து வருகின்றன. ஆகவே அசல் குரோஷா என்றால் அது யாரோ ஒருவர் கையால் போட்டது என்றே பொருள். இதைச் சொல்லி விற்பது நம் வாய்த் திறமை. மெஷின் சரக்கைக் கைவேலை என்று சொல்லி விற்பது தவறு.

கடையில் என்ன வைக்கலாம்

நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும். 10-ஆம் எண்ணை விட 40-ஆம் எண் சன்னம். புதிதாகப் பழகுகிறவருக்குத் தடித்த நூலும் 4 மில்லிமீட்டர் கொக்கியும் கொடுங்கள். சன்ன நூலையும் 1 மில்லிமீட்டர் இரும்புக் கொக்கியையும் கொடுத்தால் இரண்டு நாளில் வெறுத்துவிடுவார். அந்த வாடிக்கை போயிற்று. கொக்கிகளை அளவுவாரியாகப் பிரித்து வையுங்கள்.

நூல் உருண்டையின் சீட்டில் நிறத்துக்கு ஓர் எண்ணும், சாயம் போட்ட தொகுதிக்கு ஓர் எண்ணும் இருக்கும். ஒரே நிறமானாலும் தொகுதி மாறினால் சாயம் லேசாக மாறும். விரிப்பின் நடுவில் கோடு போல் தெரியும். எத்தனை உருண்டை வேண்டும் என்று முதலிலேயே கேட்டு ஒரே தொகுதியில் எடுத்துக் கொடுங்கள். ஆன்லைனில் வாங்குகிறவருக்கு இந்தக் கவனிப்பு கிடைப்பது அரிது. நிறத்தை வெளிச்சத்தில் பார்த்து, தொட்டு வாங்க வேண்டிய சரக்கு இது. கடைக்காரன் பிழைக்க இடம் இருக்கிற சரக்கு.

மாதிரிப் புத்தகம் விற்கிறவர்களுக்கு இன்னொன்று. பிரிட்டன் புத்தகமும் அமெரிக்கப் புத்தகமும் ஒரே பெயரை வெவ்வேறு தையலுக்குச் சொல்கின்றன. அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டனில் டபுள் குரோஷே என்பார்கள். இதை எடுத்துச் சொல்லும் கடைக்கு வாடிக்கையாளர் மறுபடி வருவார்.

இனி பின்னிய சரக்கு. சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டம், ஆனியில் மாங்கனித் திருவிழா, அருகிலே நாகூர், வேளாங்கண்ணி. யாத்திரை வருகிறவர் கையில் ஏதாவது வாங்கிப் போக விரும்புகிறார். தொழுகைக்கு அணியும் பின்னல் குல்லா, பீடத்து விரிப்பின் லேஸ் கரை, நிலைவாசல் தோரணம், குழந்தைக்குப் பொம்மை, தொப்பி. மூன்று மதத்தாருக்கும் ஒரே கொக்கியில் சரக்கு இருக்கிறது.

இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை அமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தது. நம் கணக்கில் 50 கிரவுண்டு நிலம்! அதில் பலரும் வீட்டில் இருந்தபடியே துண்டு துண்டாகப் பின்னிக் கொடுத்தவர்கள்.

நம் உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்குங்கள். நம் தெருப் பெண்கள் பின்னியதை அதில் வையுங்கள். நூல் விலையையும் நேரத்துக்கான கூலியையும் ஒரு சீட்டில் எழுதி, அதன் மேல் உங்கள் லாபத்தைப் போடுங்கள். விலை சற்று ஏறும்தான். நேரத்தைச் சொல்லி விற்றால் வாங்குகிறவர் கொடுப்பார். நூலும் நம்மிடம் வாங்கி, பின்னியதையும் நம்மிடம் விற்பவர், மாத மளிகைக்கு வேறு கடை தேடிப் போக மாட்டார்.