வேனுக்கு விக்கல்!

மனுஷனுக்கு விக்கல் வந்தால், 'யாரோ உன்னை நினைச்சுக்கறாங்க' என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து விடுவோம். பழைய வேனுக்கு விக்கல் வந்தால்..? அப்போதும் யாரோ நினைத்துக் கொள்ளத்தான் செய்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்!

'டுர்ர்ர்ர்' என்று ஒரே சீராக ஓட வேண்டிய வண்டி, 'டுர்ர்... டுக்... டுர்ர்... டுக்' என்று தாளம் தப்பும். ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்கும். பின்னால் வரும் ஒரு பஸ், கண்ணாடியில் ரெண்டு பஸ்ஸாகத் தெரியும்! பட்டறை பாஷையில் இந்த வியாதிக்குப் பெயர் 'மிஸ்ஸிங்'. இன்ஜினில் ஏதோ ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்கிறது என்று அர்த்தம்.

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட அந்த டப்பா வண்டியை இன்றைக்கும் நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கலாம். ஸ்கூல் பிள்ளைகள், பூக்கூடை, சமையல் கான்ட்ராக்டரின் அண்டா குண்டா எல்லாம் அதில்தான் போகும். சினிமாவில் கதாநாயகியைக் கடத்தவும் அதேதான். (கடத்துகிற நேரத்தில் மட்டும் எந்த வேனும் மிஸ் அடித்ததே இல்லை. கவனித்தீர்களா?)

அதன் இன்ஜின் 796 சி.சி., மூன்றே சிலிண்டர். அங்கேதான் சிக்கல். ஆறு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்துவிட்டால் மற்ற ஐந்து சேர்ந்து ஒப்பேற்றிவிடும். மூன்றில் ஒன்று படுத்தால்..? நிமிஷத்துக்கு 900 சுற்றில் இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 450 தடவை வெடிக்க வேண்டும். ஒன்று வெடிக்காவிட்டால், 1,350 வெடிக்கு 900-தான் மிச்சம். ஆட்டம் காணாமல் என்ன செய்யும்?

கோவையில் ஒரு பழைய பட்டறை. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த வேன்களைக் குடைந்து கொண்டிருக்கும் மெக்கானிக் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். "எம் பேரைப் போட்டுறாதீங்க ஸார். அப்புறம் ஓசியில கேக்கவே ஒரு கூட்டம் வரும்!" என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டார்.

நாம் போன சமயம் பட்டறை வாசலில் ஒரு ஆம்னி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. காலையும் மாலையும் பள்ளிக்கூட டிரிப் அடிக்கிற வண்டி. கேஸும் உண்டு, பெட்ரோலும் உண்டு. ரோட்டில் நன்றாகத்தான் ஓடுமாம். ரயில்வே கேட், சிக்னல், பிள்ளைகள் ஏறுகிற ஸ்டாப் என்று நின்றால் போதும்... குலுங்கிக் குலுங்கி ஆஃப் ஆகிவிடும்.

"நாலு மாசமாச்சுங்ணா. பிளக் மூணையும் மாத்தியாச்சு. பிளக் வயர் மாத்தியாச்சு. காயில் மாத்தியாச்சு. கார்புரேட்டருக்குப் புது கிட் போட்டாச்சு. பன்னண்டாயிரம் போயிருச்சுங்க. இப்ப ஒருத்தர், இன்ஜினையே எறக்கோணும்ங்கிறாரு. ரெண்டு வீட்டுக்காரங்க, அடுத்த மாசத்துல இருந்து பிள்ளைங்கள வேற வண்டியில அனுப்பறோம்னு சொல்லிட்டாங்க..." ஓட்டுநரின் குரல் கம்மியது. இன்னும் ஒன்பது தவணை பாக்கியாம்.

அவர் சொன்ன பட்டியலைக் கேட்டு மெக்கானிக் தலையில் அடித்துக் கொண்டார். "எந்த சிலிண்டர் தம்பி மிஸ் ஆகுது?"

"அது... தெரியலீங்ணா."

"நாலு மாசத்துல ஒருத்தரும் பாக்கலையா?"

பார்க்கவில்லை! அத்தனை பேரும் எதை மாற்றலாம் என்று யோசித்தார்களே தவிர, எங்கே கோளாறு என்று தேடவில்லை. நம்மில் பலருக்கு டாக்டரிடம் நடப்பதும் இதேதான் என்று சொன்னால் டாக்டர்கள் கோபித்துக் கொள்வார்கள். விடுங்கள்.

முன் சீட்டைத் தூக்கினார். கீழே இன்ஜின். வண்டியை ஸ்டார்ட் செய்து, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் முதல் பிளக்கின் வயரை மெள்ள உருவினார். இன்ஜின் இன்னும் மோசமாகத் தள்ளாடியது. "இவன் வேலை செய்யறான். பிடுங்கினதும் கஷ்டப்படுது பாருங்க." திரும்ப மாட்டினார். மூன்றாவதை உருவினார். அதே தள்ளாட்டம். இரண்டாவதை உருவினார்... ஒரு மாற்றமும் இல்லை! இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்பது போல அதே 'டுக் டுக்'.

"இவன்தான் ஸார் ஓசிச் சோறு!"

(இதை வீட்டில் முயற்சி செய்யக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வயரில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். வெறுங்கையால் தொட்டால் தூக்கிப் போடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் பிளக் வயரை உருவுவதே தப்பு. எரியாத பெட்ரோல் சைலன்சரிலுள்ள கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும். அவற்றில் இன்ஜெக்டர் வயரைக் கழற்றித்தான் பார்ப்பார்கள்.)

அடுத்து அவர் செய்ததில்தான் சூட்சுமமே இருக்கிறது. புதிதாக எதையும் வாங்கவில்லை. இரண்டாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி மூன்றாவதில் போட்டார். மூன்றாவதை இரண்டாவதில் போட்டார். கோளாறு பிளக்கில் இருந்தால், மிஸ்ஸிங்கும் அதோடு மூன்றாம் வீட்டுக்குக் குடி போயிருக்க வேண்டும். போகவில்லை. பிளக் வயரையும் அப்படியே இடம் மாற்றினார். ஊஹூம்! மிஸ்ஸிங் இரண்டாம் வீட்டை விட்டு அசைய மறுத்தது. கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றினார். அப்போதும் அதே விக்கல். ஆக, எரிபொருளும் குற்றவாளி இல்லை.

பத்து நிமிஷம்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சாமான்கள் அத்தனையும் நிரபராதி என்று விடுதலையாகிவிட்டன.

கழற்றிய பிளக்கை நம்மிடம் நீட்டினார். "இது ஜாதகம் மாதிரி ஸார். முனை பிஸ்கட் கலர்ல இருந்தா நல்ல ஜாதகம். காய்ஞ்ச கரி மாதிரி கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகமா போகுது... ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும், இல்ல சோக் மாட்டிட்டிருக்கும். ஆயில் பிசுபிசுத்தா ரிங்கோ, வால்வு சீலோ போச்சு. வெள்ளையா சுட்ட சுண்ணாம்பு மாதிரி இருந்தா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. எங்கேயோ ஹோஸ் வெடிச்சு காத்து இழுக்குதுன்னு அர்த்தம்."

பிறகு கம்ப்ரஷன் கேஜ் எடுத்தார். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்ப்பது. முதல் சிலிண்டர் 11 கிலோ. மூன்றாவதும் 11. இரண்டாவது..? ஆறு!

ஓட்டுநர் முகம் செத்துப் போயிற்று. "அப்ப இன்ஜின் எறக்கோணுமாங்ணா?"

"இரு தம்பி, அவசரப்படாத!" ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை அந்த ஓட்டைக்குள் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் சந்துகளை அடைத்து முள் ஏற வேண்டும். ஏறவில்லை. ஆறிலேயே நின்றது. பக்கத்து சிலிண்டர்கள் நன்றாக இருப்பதால் ஹெட் கேஸ்கெட் மேலும் பெரிய சந்தேகமில்லை. மிச்சம் இருப்பது வால்வு.

மேல் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் தகட்டை டாப்பெட் இடுக்கில் நுழைத்தார். மற்றவற்றில் நுழைந்த தகடு, இரண்டாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் நுழையவே இல்லை. இடைவெளியே கிடையாது.

விஷயம் இதுதான். வால்வு போய் உட்காருகிற வளையத்துக்கு 'வால்வு சீட்' என்று பெயர். கேஸில் ஓடுகிற பழைய வண்டிகளில் அது சீக்கிரம் தேய்கிறது. தேயத் தேய வால்வு மேலே ஏறுகிறது. டாப்பெட் இடைவெளி குறைந்து குறைந்து, கடைசியில் வால்வு முழுசாக மூட முடியாமல் போகிறது. கதவிடுக்கில் செருப்பு மாட்டிக் கொண்ட மாதிரி! வேகமாக ஓடும்போது அழுத்தம் கசிய நேரம் இல்லை. அதனால் ரோட்டில் சமாளிக்கிறது. ஸ்லோவில் நிற்கும்போது சாவகாசமாகக் கசிகிறது. ரயில்வே கேட்டில் மட்டும் நின்று மானத்தை வாங்கியது அதனால்தான்.

நட்டைத் தளர்த்தி, இடைவெளியைச் சரி செய்து இறுக்கினார். மறுபடி அளந்தபோது இரண்டாவது சிலிண்டர் 10. ஸ்டார்ட் செய்ததும்... 'டுர்ர்ர்ர்'. மொத்த வேலை ஒன்றரை மணி நேரம்.

"முழுசா 11 வரல, பாத்தீங்களா? வால்வு ஓரம் கொஞ்சம் சுட்டிருக்கும். இப்படியே இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா நெருப்புக் காத்து பட்டுப் பட்டு வால்வே கருகி, ஹெட்டைக் கழட்டற வேலை வந்திருக்கும். இப்போதைக்கு ஓடும் தம்பி. ஆறு மாசத்துல கொண்டா, திரும்ப டாப்பெட் பாத்துரலாம்."

எல்லா விக்கலும் இப்படி ஸ்லோவில்தான் வருமா? இல்லை. மழையில் மட்டும் மிஸ் அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசலோ, பிளக் வயரில் கசிவோ இருக்கும். இருட்டில் பானெட்டையோ சீட்டையோ தூக்கிப் பாருங்கள், நீலப் பொறி தாண்டுவது கண்ணுக்கே தெரியும். வண்டி சூடான பிறகு மட்டும் தொந்தரவு, ஆறினால் சரியாகிவிடுகிறது என்றால் காயில் மேல், பாயிண்ட் வைத்த பழைய மாடலில் கண்டன்சர் மேலும், ஒரு கண் வையுங்கள். மேடு ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் திணறினால் ஃபில்டர் அடைப்பு, டேங்கில் துரு, பெட்ரோலில் தண்ணீர். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. இந்த வேன்களின் பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்தவை அல்ல. விரல்களால் அழுத்திப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மிஸ்ஸிங்குக்காக இல்லாவிட்டாலும் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக! நாம் உட்கார்ந்திருப்பதே இன்ஜின் மேல்தானே?

ஆகவே பட்டறைக்குப் போகும்போது 'மிஸ்ஸிங் இருக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். மெக்கானிக் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படிப்பார்.

நேரம் மூன்றேகால். சாயங்கால டிரிப்புக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரம் ஓட்டுநருக்கு. "எவ்வளவுங்ணா?" என்றார் தயங்கித் தயங்கி.

"அறுநூறு குடு. ஆமா, நல்லா இருந்த பழைய பிளக், காயிலு எல்லாம் எங்கே?"

"அதை அவங்களே எடுத்துக்கிட்டாங்களேண்ணா!"

"அடப்பாவி... அதுல ஒரு வண்டி ஓடிட்டிருக்கும்டா இந்நேரம்!"